உளவியல் ஆய்வேட்டுக்கு எந்தத் தலைப்பை எடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: முதுகலை உளவியல் கடைசி ஆண்டு, இன்னும் இரண்டு வாரத்தில் கைடிடம் தலைப்பைச் சொல்லியாக வேண்டும். மனதில் மூன்று இருக்கின்றன: சமூக ஊடகமும் மனச்சோர்வும், சிறுவயது மனக் காயங்களின் பாதிப்பு, உணர்வுசார் நுண்ணறிவும் (தன் உணர்வையும் பிறர் உணர்வையும் புரிந்து கையாளும் திறன்) மதிப்பெண்ணும். இவற்றில் எதை எடுக்கலாம்? கேள்வி இப்படி இருந்தாலும் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "பாதியில் மாட்டிக்கொள்ளக் கூடாது." உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு தலைப்புக்குத் தலையாட்டுவதற்கு முன்பே, அது நம்மால் முடியுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பல வருடங்களாக மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு நெறியாளராக இருந்திருக்கிறேன். வாய்மொழித் தேர்வான வைவாவில் கேள்வி கேட்கும் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். அதை வைத்து உறுதியாகச் சொல்லக்கூடியது: நீங்கள் சொன்ன மூன்றும் இன்னும் தலைப்பாகவே ஆகவில்லை. யாரிடம் கேட்கப்போகிறோம், எதை அளக்கப்போகிறோம், எதை வைத்து அளக்கப்போகிறோம், எதோடு ஒப்பிடப்போகிறோம் என்ற நான்கும் வந்த பிறகுதான் அது ஆய்வுத் தலைப்பு. பாதியில் மாட்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் தவறான துறையை எடுத்ததால் மாட்டுவதில்லை. ஸ்கேலையும் (அளக்கப் பயன்படும் கேள்வித்தாள்) ஆட்களையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டதால்தான் மாட்டுகிறார்கள். அதனால் என்னிடம் வருபவர்களைக் கடைசியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். ஒரு தாளை எடுத்து, உங்கள் நான்காம் அத்தியாயத்தில் வரப்போகும் முதல் அட்டவணையை எண்கள் இல்லாமல் வரையுங்கள். வரிசைகளுக்கு என்ன பெயர், பத்திகளுக்கு என்ன பெயர், ஒவ்வொரு கட்டத்திலும் எந்த எண் வரும்? வரைய முடிந்தால் உங்களிடம் தலைப்பு இருக்கிறது. முடியவில்லை என்றால், எவ்வளவு ஆர்வம் இருந்தாலும் இன்னும் யோசிக்க வேண்டியது பாக்கி இருக்கிறது.

உங்கள் மூன்றில் உணர்வுசார் நுண்ணறிவை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அதுதான் மூன்றிலும் 'ஈசி' என்று சீனியர்கள் சொல்லியிருப்பார்கள். ஒரு ஸ்கேல், ஒரு மதிப்பெண் பட்டியல், ஒரு கோரிலேஷன் (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற எண்; 0 என்றால் நேர்கோட்டுத் தொடர்பு இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு), வேலை முடிந்தது. ஆனால் இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே நல்ல பதில் இருக்கிறது. மெக்கான் குழுவினர் 2020-இல் வெளியிட்ட மெட்டா அனாலிசிஸ் (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிடும் ஆய்வு) 42,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவைத் திரட்டியது. மொத்தத்தில் தொடர்பு சுமார் 0.20. திறனைச் சோதிக்கும் தேர்வுகளில் 0.24 வரை வருகிறது. நம்மைப் பற்றி நாமே டிக் போடும் வகைக் கேள்வித்தாள்களில் அது 0.12-தான். மாணவர்கள் பெரும்பாலும் எடுப்பது இந்த இரண்டாவது வகை, ஏனென்றால் திறன் தேர்வுகளில் பெயர்பெற்றவை விலைக்குத்தான் கிடைக்கும். சரி, 0.12 அளவுள்ள தொடர்பை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க எத்தனை பேர் வேண்டும்? 540-க்கு மேல். நூறு பேரிடம் ஃபார்ம் வாங்கிவிட்டு 'குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை' என்று எழுதினால், தொடர்பே இல்லையா, ஆட்கள் போதவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. வைவாவில் அந்தக் கேள்வி நிச்சயம் வரும்.

இந்த எண்ணிக்கை விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் தலைப்பைத் தீர்மானிப்பதே பல நேரம் இதுதான். கோரிலேஷன் 0.3 இருக்கும் என்று எதிர்பார்த்தால் சுமார் 85 பேர் போதும். 0.2 என்றால் 190-ஐத் தாண்டும். 0.1 என்றால் 780 பேர். இரண்டு குழுக்களை ஒப்பிடுவதாக இருந்தால், நடுத்தர அளவு வித்தியாசத்துக்குக் குழுவுக்கு 64 பேர் வேண்டும், சின்ன வித்தியாசத்துக்குக் கிட்டத்தட்ட 400 பேர். ஜி பவர் என்ற இலவச மென்பொருளில் ஐந்து நிமிடத்தில் இதைப் போட்டுப் பார்த்துவிடலாம். வழக்கமாக நடப்பது என்னவென்றால் தலைப்பு முதலில், சாம்பிள் சைஸ் கடைசியில். நீங்கள் அதைத் திருப்பிப் போடுங்கள். உங்களால் உண்மையிலேயே எத்தனை பேரை அடைய முடியும் என்று முதலில் நேர்மையாக ஒரு எண்ணை எழுதுங்கள். லிங்கை எத்தனை பேருக்கு அனுப்புவீர்கள் என்பதும் எத்தனை பேர் கடைசிக் கேள்வி வரை போய் முடிப்பார்கள் என்பதும் வேறு வேறு. அந்த இரண்டாவது எண்ணுக்குள் பதில் கிடைக்கக்கூடிய கேள்விகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சமூக ஊடகமும் மனச்சோர்வும். மூன்றில் இதற்குத்தான் நான் நேரம் செலவழிப்பேன், ஆனால் இப்போதிருக்கும் வடிவத்தில் வேண்டாம். 'சமூக ஊடகப் பயன்பாடு' என்றால் எதை அளப்பீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கிறீர்கள் என்று கேட்டால் மனிதர்களால் சரியாகச் சொல்ல முடிவதில்லை. தாங்களே சொன்ன நேரத்தையும் கருவியில் பதிவான நேரத்தையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் ஒரு மெட்டா அனாலிசிஸ் வந்தது. இரண்டுக்கும் நடுத்தர அளவுப் பொருத்தம்தான் இருந்தது. இன்னொன்று, 2019-இல் ஓர்பனும் ஷிபில்ஸ்கியும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்பருவத்தினரின் தரவை ஆராய்ந்ததில், டிஜிட்டல் பயன்பாடு அவர்களுடைய நலனில் காணும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் விளக்கியது. இது உறுதியாகத் தெரிந்த பகுதி. அந்தச் சிறிய சராசரிக்குள் சிலருக்கு மட்டும் பெரிய பாதிப்பு ஒளிந்திருக்கிறதா, எது எதற்குக் காரணம் என்பதெல்லாம் இன்னும் ஆய்வாளர்கள் வாதாடிக்கொண்டிருக்கும் இடம். முதுகலை ஆய்வேடு ஒன்று அந்த வாதத்தைத் தீர்க்கப் போவதில்லை. ஒருமுறை மட்டும் எடுத்த சர்வேயை வைத்துத் 'தாக்கம்' என்ற சொல்லைத் தலைப்பில் போட்டுவிட்டால், முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.

மனச்சோர்வை எப்படி அளப்பீர்கள் என்பதில் இன்னும் பெரிய விஷயம் இருக்கிறது. பெரும்பாலும் பி.எச்.க்யூ-9 (PHQ-9) என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளை எடுப்பீர்கள். இலவசம், ஒன்பதே கேள்விகள், 2001-லிருந்து உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது. அதன் ஒன்பதாவது கேள்வி, கடந்த இரண்டு வாரத்தில் இறந்துவிட்டால் நல்லது என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. இதை நீங்கள் பெயர் கேட்காத கூகுள் ஃபார்மில் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவு இரண்டு மணிக்கு யாரோ ஒருவர் அதில் 'கிட்டத்தட்ட தினமும்' என்று டிக் செய்து சமர்ப்பிக்கிறார். காலையில் ஷீட்டைத் திறக்கிறீர்கள், 73-ஆவது வரிசையில் 3 என்று இருக்கிறது. யார் என்று தெரியாது, தொடர்புகொள்ள வழியில்லை. இப்போது என்ன செய்வீர்கள்? தலைப்பு சொல்லும் நாளிலேயே இதற்குப் பதில் இருக்க வேண்டும். எதிக்ஸ் கமிட்டி கேட்கும் என்பதற்காக மட்டும் இல்லை, அந்த வரிசைக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார் என்பதற்காக. ஒன்பதாவது கேள்வியை விட்டுவிட்ட எட்டுக் கேள்வி வடிவமும் புழக்கத்தில் இருக்கிறது. உங்கள் ஆய்வுக்குத் தற்கொலை எண்ணம் தேவையில்லை என்றால் அதையே எடுங்கள். தேவைதான் என்றால், பதில்களைத் தினமும் யார் பார்ப்பது, எந்தப் பதில் வந்தால் யாருக்குச் சொல்வது, பங்கேற்பவருக்கு உதவி எண்களை எந்த இடத்தில் காட்டுவது என்று எழுதி, மருத்துவ உளவியல் பயிற்சி உள்ள ஒருவரின் மேற்பார்வையோடு மட்டும் செய்யுங்கள்.

சரி, அந்தத் தலைப்பை எப்படிச் சுருக்கலாம்? ஒன்றைச் செய்தே காட்டுகிறேன். சமூக ஊடகம் என்ற பெரிய சொல்லை விட்டுவிட்டு, படுக்கையில் படுத்தபடி போன் பார்ப்பது என்ற ஒரே ஒரு பழக்கத்தை எடுப்போம். மனச்சோர்வை விட்டுவிட்டு, காலையில் எழும்போது எவ்வளவு ஓய்வாக உணர்கிறார் என்று எடுப்போம். ஆளுக்கு ஆள் ஒப்பிடாமல் அதே ஆளை அவரோடேயே ஒப்பிடுவோம்: அதிக நேரம் பார்த்த இரவுக்கு அடுத்த காலை, குறைவாகப் பார்த்த இரவுக்கு அடுத்த காலையைவிடச் சோர்வாக இருக்கிறதா? பத்து நாள், தினமும் காலையில் ஒரு நிமிட ஃபார்ம். நாற்பது பேர் ஒழுங்காக நிரப்பினால் 400 காலைகள் கையில் இருக்கும். இதை அப்படியே ஆரம்பித்துவிடாமல் நாலைந்து நண்பர்களிடம் ஐந்து நாள் ஓட்டிப் பாருங்கள். உடனே ஒரு சிக்கல் தெரியும். 'நேற்றிரவு பார்த்தீர்களா, ஆமாம் அல்லது இல்லை' என்று கேட்டிருந்தால் பாதிப் பேர் எல்லா நாளும் ஆமாம் என்றே போட்டிருப்பார்கள். அவர்களிடம் ஒப்பிட எதுவுமே இல்லை. நிமிடக் கணக்காகக் கேட்க வேண்டும், அதையும் ஞாபகத்திலிருந்து சொல்லாமல் போனில் பதிவாகியிருப்பதைப் பார்த்து எழுதச் சொல்ல வேண்டும். பகுப்பாய்வில் ஒரே ஆளின் பத்து நாட்களைப் பத்துத் தனி ஆட்களாக எண்ணிவிடக் கூடாது, ஒரே ஆளிடமிருந்து வந்த பதில்களை ஒரு தொகுதியாகக் கணக்கில் எடுக்கும் பன்னிலை மாதிரி (multilevel model) தேவைப்படும். அதைச் சொல்லித்தர ஆள் இருக்கிறாரா என்று இப்போதே விசாரியுங்கள். இல்லை என்றால் இந்த வடிவம் உங்களுக்கானதில்லை, வேறு யோசிக்கலாம். இந்த ஆய்விலும் போன்தான் காரணம் என்று நிரூபிக்க முடியாது, ஏனென்றால் தூக்கம் வராத இரவில்தான் மனிதர்கள் போனை அதிகம் எடுப்பார்கள். ஆனால் அந்த எல்லையை நீங்களே எழுதிவிடலாம். தன் ஆய்வால் எதைச் சொல்ல முடியாது என்று தெரிந்து எழுதும் மாணவரைத் தேர்வாளர்கள் மதிப்பார்கள்.

சிறுவயதுக் காயங்கள் பற்றி எழுதும்போது, இது உங்களுக்கு நெருக்கமான விஷயம் என்று கோடிட்டுக் காட்டியிருக்கிறீர்கள். நெருக்கமாக இருப்பது தவறு இல்லை, உளவியலில் பலரும் அப்படித்தான் தங்கள் துறைக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு விஷயத்தை யோசித்துவிட்டு முடிவெடுங்கள். ஆறு மாதம் தினமும் இரவு அந்த அனுபவங்களைத்தான் படிப்பீர்கள், கோடு போடுவீர்கள், திரும்பத் திரும்ப எழுதுவீர்கள். தூங்கப் போகும்போதும் அது கூட வரும். உங்களுக்குப் பேச ஒரு ஆள், முடிந்தால் ஒரு ஆலோசகர், இருக்கிறாரா? அடுத்து, உங்கள் அனுபவத்துக்கு நேர்மாறாகத் தரவு பேசினால் அதை அப்படியே எழுத முடியுமா? இரண்டுக்கும் தயக்கம் இல்லாமல் ஆம் என்றால் எடுக்கலாம். தயக்கம் இருந்தால் அந்த விஷயத்தை விட்டுவிட வேண்டியதில்லை, பயிற்சி கூடிய பிறகு இன்னும் நன்றாகச் செய்யலாம். அளவீட்டுச் சிக்கலும் இதில் கனமானது. வளர்ந்த பிறகு நினைவிலிருந்து சொல்வதையும், சிறுவயதிலேயே பதிவானதையும் ஒப்பிட்ட 2019 மெட்டா அனாலிசிஸ் ஒன்றில், இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்களையே அடையாளம் காட்டின. யாரும் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை. நினைவு ஒரு அளவீடு, பதிவு இன்னொரு அளவீடு. கேள்வித்தாளில் நீங்கள் அளப்பது முதலாவதை. தலைப்பின் வாசகமும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு பயம் உங்கள் கேள்வியில் தெரிந்தது: கருதுகோள் தப்பாகப் போனால் மதிப்பெண் போய்விடுமா? ஒவ்வொரு தேர்வாளரும் எப்படி மதிப்பிடுவார் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் துறை எங்கே நிற்கிறது என்று சொல்ல முடியும். 2021-இல் ஷீலும் இரு சக ஆய்வாளர்களும் செய்த ஒப்பீட்டில், வழக்கமான முறையில் வெளியான உளவியல் கட்டுரைகளில் 96 சதவீதத்தில் முதல் கருதுகோள் பலித்திருந்தது. தரவு சேகரிக்கும் முன்பே திட்டத்தை ஏற்றுக்கொண்டு, முடிவு எதுவாக இருந்தாலும் வெளியிடும் முறையில் வந்தவற்றில் அது 44 சதவீதம்தான். இரண்டாவது எண்தான் இயல்பான நிலைக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. ஆகவே பலித்தாலும் பலிக்காவிட்டாலும் எழுத ஏதாவது இருக்கும் கேள்வியாகப் பார்த்து எடுங்கள். 'மன அழுத்தம் அதிகம் உள்ளவர்களுக்குப் பதற்றமும் அதிகம்' என்பது பலித்தால் யாருக்கும் புதிதில்லை. பலிக்கவில்லை என்றால் உங்கள் டேட்டாவைத்தான் சந்தேகிப்பார்கள். இப்படி இரண்டு பக்கமும் அடி வாங்கும் தலைப்புகள் நிறைய உண்டு. நண்பரிடம் உங்கள் கேள்வியைச் சொல்லி, முடிவு ஆம் என்றால் என்ன, இல்லை என்றால் என்ன என்று இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

புதிதாக இருந்தே ஆக வேண்டும் என்ற கவலையை விடுங்கள். 2015-இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, மூலக் கட்டுரைகளில் 97 சதவீதத்தில் குறிப்பிடத்தக்க முடிவு இருந்தும், மறு ஆய்வில் 36 சதவீதத்தில்தான் அது வந்தது. ஒரு எளிய பழைய சோதனையைக் கவனமாகத் திரும்பச் செய்வது மதிப்புள்ள ஆய்வேடு. கைடு ஒத்துக்கொண்டால் இதைத் தாராளமாக எடுக்கலாம். சைக்கோபை போன்ற இலவச மென்பொருள்கள் இருப்பதால் ஸ்ட்ரூப் (ஒரு நிறத்தின் பெயரை வேறு நிறத்தில் எழுதிக் காட்டி, எழுத்தின் நிறத்தைச் சொல்லச் சொல்வது) மாதிரியான சோதனைகளை லேப்டாப்பிலேயே நடத்தலாம். ஒரு எச்சரிக்கை: ஸ்ட்ரூப் விளைவு, அதாவது சொல்லும் நிறமும் பொருந்தாதபோது பதில் தாமதமாவது, ஏறக்குறைய எல்லோரிடமும் அழகாக வரும், ஆனால் யாருக்கு அதிகம், யாருக்குக் குறைவு என்று ஆட்களை வரிசைப்படுத்த அது நம்பகமான அளவுகோல் இல்லை என்பதை 2018-இல் ஹெட்ஜ் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். ஆகவே 'ஸ்ட்ரூப் மதிப்பெண்ணுக்கும் பதற்றத்துக்கும் உள்ள தொடர்பு' என்று யாராவது தலைப்பு கொடுத்தால் தயங்குங்கள்.

பேட்டி எடுத்துச் செய்யும் பண்புசார் ஆய்வு பற்றி நான் குறைவாகத்தான் சொல்ல முடியும், என் பயிற்சி பெரும்பாலும் எண்கள் பக்கம். பார்த்த வரையில், புள்ளியியலிலிருந்து தப்பிக்க அதை எடுத்தவர்கள் கஷ்டப்பட்டார்கள். ஒரு மணி நேரப் பேட்டியைக் கேட்டு எழுதவே நான்கைந்து மணி நேரம் ஆகும், அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். ஒரு அனுபவம் அதை வாழ்பவருக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள், அதில் அனுபவம் உள்ள கைடோடு.

ஸ்கேல் பற்றி நடைமுறையில் ஒன்று. முடிவு செய்யும் முன் அதன் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். ரோசன்பர்க் தன்மதிப்பு ஸ்கேல் போலச் சில இலவசம். பெக் மனச்சோர்வுப் பட்டியல் போன்றவை பதிப்பாளரிடம் வாங்க வேண்டியவை, நெட்டில் எங்கோ பிடிஎஃப் கிடைத்தது என்பதற்காக எடுக்கக் கூடாது. சிலவற்றுக்கு ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், பதில் வரச் சில வாரம் ஆகலாம். பங்கேற்பவர்களின் மொழியில் அந்த ஸ்கேல் இல்லையென்றால், மொழிபெயர்த்து, வேறு ஒருவரைக் கொண்டு மூலமொழிக்குத் திருப்பி, ஒப்பிட்டுத் திருத்தி, முன்னோட்டம் பார்க்க வேண்டும். அதற்கே ஒன்றிரண்டு மாதம் போய்விடும். சரிபார்த்த மொழிபெயர்ப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்பதை வைத்தே இரண்டு தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆர்வம் எவ்வளவு முக்கியம் என்பதில் எனக்கே உறுதியான பதில் இல்லை. மிகுந்த ஆர்வத்தோடு ஆரம்பித்து மூன்றாம் மாதம் களைத்துப்போனவர்களும் உண்டு, கைடு கொடுத்த தலைப்பைச் சலிப்போடு தொடங்கி அதிலேயே பிஎச்டி வரை போனவர்களும் உண்டு. கைடுக்குப் பழக்கமான துறையாக இருப்பது உதவும் என்பதை மட்டும் நம்பிச் சொல்வேன். லிட்டரேச்சரில் எங்கே ஓட்டை இருக்கிறது, எந்த ஸ்கேல் தகராறு செய்யும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் வாரம் முழுக்கப் படிப்பேன்: உறங்கும் முன் போன் பார்ப்பது பற்றிக் கடந்த ஐந்தாண்டில் வந்த ஒன்றிரண்டு மெட்டா அனாலிசிஸ், அவற்றின் கடைசிப் பகுதியில் இன்னும் எதைச் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறார்களோ அது. இரண்டாம் வாரம் ஒரே பக்கத்தில் இரண்டு கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே யார், எத்தனை பேர், எந்த ஸ்கேல், எந்தப் பகுப்பாய்வு, கூடவே அந்தக் காலி அட்டவணை என்று போட்டுக் கைடிடம் எடுத்துப் போவேன். 'எதை எடுக்கட்டும்' என்று கேட்பதைவிட 'இந்த இரண்டில் எங்கே இடிக்கும்' என்று கேட்டால் அவரும் குறிப்பாகப் பதில் சொல்வார். எதிக்ஸ் கமிட்டி அடுத்து எப்போது கூடுகிறது என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். அனுமதி வரும் முன் ஒருவரிடம்கூட டேட்டா வாங்கக் கூடாது. நண்பர்களிடம் ஓட்டிப் பார்ப்பதைக்கூட எப்போது செய்யலாம் என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களால் அடையக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை, கையில் இருக்கும் மாதங்கள், எந்தப் பகுப்பாய்வு வரை தெரியும் என்ற மூன்றையும் இங்கே எழுதினீர்கள் என்றால், அந்தப் பத்து நாள் வடிவம் தாங்குமா, இல்லை இன்னும் சுருக்க வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.